மரணக் கிணற்றைப் படமாக்குவது எப்படி: குறு ஆவணப்படத்துக்கு முழுமையான வழிகாட்டி

மரணக் கிணறு என்றதும் செங்குத்துச் சுவரில் சீறிப் பாயும் பைக்குகள்தான் நினைவுக்கு வரும். அந்தக் காட்சி இணையத்தில் வேண்டிய மட்டும் கிடைக்கிறது. மேளாவுக்கு, அதாவது வட இந்தியத் திருவிழாச் சந்தைக்கு, வருகிறவர்கள் எல்லோருமே மொபைலில் எடுத்துப் போடுகிறார்கள். அதையே இன்னும் நல்ல கேமராவில் எடுத்தால் ஆவணப்படம் ஆகிவிடாது.

யாரும் எடுக்காத பகுதி வேறு. அந்தக் கிணறு லாரியில் வருகிறது. பத்துப் பதினைந்து பேர் அதை இறக்கி, பலகை பலகையாக நிமிர்த்தி, போல்ட் முடுக்கி நிறுத்துகிறார்கள். ஒரு மாதம் அதற்குள்ளேயே ஓட்டுகிறார்கள், அதன் அடியிலேயே சமைத்துத் தூங்குகிறார்கள், அப்புறம் கழற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகிறார்கள். ஷோ பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மீதி நேரமெல்லாம் வேலை. அந்த வேலையை எடுத்தால்தான் பத்து நிமிட ஷோவுக்கும் மதிப்பு வரும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த நம்பிக்கையில் எழுதியது.

12 முதல் 15 நிமிடம் ஓடும் படம், மூன்று பேர் குழு, இரண்டு வாரம் படப்பிடிப்பு என்று கணக்கு வைத்துக்கொள்கிறேன்.

1. கிணற்றைப் படித்துவிட்டுப் போங்கள்

வட இந்தியாவில் இதற்கு ‘மௌத் கா குவா’ என்று பெயர். ‘மௌத்’ நமக்குப் புதிய சொல் அல்ல. தமிழ் முஸ்லிம் வீடுகளில் ஒருவர் இறந்துவிட்டால் ‘மௌத்தாகிவிட்டார்’ என்றுதான் சொல்வார்கள். ‘குவா’ என்றால் கிணறு. பேர்தான் கிணறு, எங்கேயும் தோண்டுவதில்லை. தரைக்கு மேல் நிற்கும் மரப் பீப்பாய் அது. சுமார் 25 அடி உயரம், 30 அடி விட்டம். வெளிப்பக்கம் படியேறி, விளிம்பைச் சுற்றியுள்ள மேடையில் நின்று கீழே குனிந்து பார்க்க வேண்டும்.

இது பிறந்தது அமெரிக்காவில். 1911-இல் நியூயார்க்கின் கோனி தீவுக் கேளிக்கைத் திடலில் சாய்வான மரத்தடம் போட்டு மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். சாய்வு ஏறிக்கொண்டே போய், 1915 வாக்கில் சுவர் செங்குத்தாகவே நின்றுவிட்டது. 1929-இல் இங்கிலாந்தின் சவுத்எண்ட் கடற்கரைக்குப் போனது. அங்கே ஒரு ரைடர் பக்கவண்டியில் பெண் சிங்கத்தை உட்கார வைத்துக்கொண்டு சுவரில் ஓட்டியிருக்கிறார். மேற்கில் இன்றும் ஓட்டுகிறவர்கள் 1920-களின் ‘இந்தியன் ஸ்கௌட்’ என்ற அமெரிக்க வண்டியைத்தான் விரும்புகிறார்கள். இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ளுங்கள், ஆனால் படத்தில் பழைய புகைப்படங்களை வரிசையாக ஓட்டி இரண்டு நிமிடத்தைச் செலவழிக்காதீர்கள். நம் ஊரில் இது வேறு உருவம் எடுத்துவிட்டது. பைக்குகளோடு மாருதி 800 கார்களையும் சுவரில் ஏற்றுகிறார்கள். கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஜன்னல் வழியாக வெளியே வந்து, பக்கத்தில் வரும் பைக்காரரின் கையைப் பிடிக்கிறார்கள். இது நம்முடையது.

வண்டிகளில் யமஹா ஆர்எக்ஸ் 100-க்கு இங்கே தனி இடம் உண்டு. 1985-இலிருந்து 1996 வரை வந்த வண்டி. எடை சுமார் 100 கிலோ. டூ ஸ்ட்ரோக் என்பதால் ஆக்சிலேட்டரைத் திருகியதும் இழுக்கும். மதுரையிலும் கோவையிலும் இந்த வண்டிக்கு உயிரை விடும் இளைஞர்களை உங்களுக்கே தெரிந்திருக்கும். அவர்கள் தூசு படாமல் துடைத்து வைத்திருக்கும் அதே வண்டி, கிணற்றுக்குள் சைலன்சரைக் கழற்றிவிட்டு தினமும் சுவரேறுகிறது. மாருதி 800 தயாரிப்பும் 2014-இல் நின்றுவிட்டது. இரண்டுமே இன்று புதிதாக வாங்க முடியாதவை. பழைய வண்டி, பழைய உதிரிபாகம், அதைத் தேடி அலையும் மெக்கானிக் என்று படத்துக்கான ஒரு நல்ல இழை இங்கேயே இருக்கிறது.

சுவரில் வண்டி எப்படி நிற்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். வண்டி வட்டமாகப் போகும்போது சுவர் டயரை உள்பக்கமாகத் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் கூடக் கூட டயருக்கும் பலகைக்கும் நடுவே பிடிமானம் கூடுகிறது. அந்த உராய்வுதான் ஆளையும் வண்டியையும் கீழே விழாமல் தாங்குகிறது. 30 அடி விட்டக் கிணற்றுக்குக் கணக்குப் போட்டால், மணிக்கு 30 கிலோமீட்டர் அளவுக்காவது வேகம் வேண்டும் என்று வருகிறது. 40 கிலோமீட்டரில் ஓட்டினால் ஒரு சுற்று சுமார் இரண்டரை விநாடி. அப்போது உடம்பு தன் எடையைப் போல இரண்டரை மடங்கு கனக்கும். 60 கிலோ ஆளுக்கு 150 கிலோ கனம். ஹெல்மெட் ஏன் போடுவதில்லை என்று கேட்டால் ரைடர்கள் கழுத்தைத் தொட்டுக் காட்டுவார்கள். ஒன்றரை கிலோ ஹெல்மெட் அங்கே நாலு கிலோவாக அழுத்தும். பக்கப் பார்வையும் மறையும். அவர்கள் சொல்வது சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல நாம் போகவில்லை. ஆனால் காரணம் தெரியாமல் போய் ‘ஏன் இவ்வளவு அலட்சியம்’ என்று கேட்டால் அன்றோடு பேச்சு முறிந்துவிடும்.

2. எந்த மேளா, எந்த நாள்

பீகாரின் சோன்பூர் மேளா பாட்னாவுக்கு எதிர்க்கரையில், கங்கையும் கண்டகியும் சேரும் இடத்தில் நடக்கிறது. கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டித் தொடங்கும். ராஜஸ்தானின் புஷ்கர் மேளாவும் அதே பௌர்ணமியை ஒட்டித்தான் வரும். அதனால் ஒரே கிணறு ஒரே ஆண்டில் இரண்டிலும் நிற்பது கஷ்டம், எதற்குப் போகிறார்கள் என்பதைக் குழுவிடம் முன்கூட்டியே கேளுங்கள். டிசம்பரில் மும்பையில் மாஹிம் தர்கா மேளா, ஜனவரி பிப்ரவரியில் பிரயாக்ராஜில் மாக மேளா, ஹோலி முடிந்து மீரட்டில் நௌசந்தி மேளா என்று சுற்று நீளும்.

இப்போது முக்கியமான விஷயம். எல்லோரும் மேளாவின் முதல் நாள் போய் இறங்குவார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன். கிணறு ஏற்கெனவே எழும்பி நின்றது, ஷோ தொடங்கிவிட்டது, எல்லோரும் பரபரப்பில் இருந்தார்கள், என்னோடு உட்கார்ந்து பேச ஒருவருக்கும் நேரமில்லை. ஆறு நாள் சுவரில் பைக் ஓடுவதை மட்டும் எடுத்துவிட்டு ஊர் திரும்பினேன். வீட்டில் போட்டுப் பார்த்தபோது எல்லாமே ஒரே ஷாட் மாதிரி இருந்தது.

அதனால் தலைகீழாகப் போங்கள். ஒரு மேளா முடிவதற்கு நாலைந்து நாள் முன்பு போய்ச் சேருங்கள். கூட்டம் குறைந்திருக்கும், உடம்பு அசதியில் இருந்தாலும் பேச நேரம் இருக்கும். கிணற்றைக் கழற்றுவதைப் பாருங்கள். அவர்களோடு லாரியில் அடுத்த ஊருக்குப் போங்கள். அங்கே கிணறு எழும்புவதையும் முதல் ஷோவையும் எடுங்கள். பன்னிரண்டு பதினான்கு நாளில் ஒரு முழுச் சுற்று உங்கள் கையில் இருக்கும்.

3. யாரிடம் கேட்க வேண்டும்

நான்கு இடத்தில் அனுமதி வேண்டும். மேளா நிர்வாக அலுவலகம், கிணற்றின் உரிமையாளர், குழுவின் உஸ்தாத் (தலைமை ஆசான்), ஒவ்வொரு ரைடரும். பலர் முதல் இரண்டோடு நிறுத்திவிடுகிறார்கள். உரிமையாளர் ‘எடுத்துக்கோங்க’ என்று சொல்லிவிட்டால் போதும் என்று நினைப்பது தவறு. சம்பளம் தருகிறவர் தலையாட்டிய பிறகு, சம்பளம் வாங்குகிறவரால் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியாது. அவரைத் தனியாக, உரிமையாளர் இல்லாத நேரத்தில், டீக்கடையில் வைத்துக் கேளுங்கள்.

ஒப்புதல் படிவத்தை இந்தியில் வைத்திருங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இருப்பார்கள் என்பதால் வாசித்துக் காட்டி, அவர் சம்மதம் சொல்வதைக் கேமராவில் பதிவு செய்யுங்கள். படம் எங்கே போகும், இணையத்தில் வருமா, பின்னால் மனம் மாறினால் என்ன செய்யலாம் என்பதை எல்லாம் அப்போதே சொல்லிவிடுங்கள். ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: நீங்கள் கிணற்றில் ஓட்டுவது வீட்டில் தெரியுமா? மனைவியிடம் ‘டிரைவர் வேலை’ என்று மட்டும் சொல்லியிருந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் முகம் என் படத்தில் இல்லை. கையும் முதுகும் குரலும்தான் இருக்கிறது.

சில கிணறுகளில் ஷோவுக்கு முன்பு பெண்களோ திருநங்கைகளோ நடனமாடிக் கூட்டம் சேர்ப்பார்கள். அவர்களும் இந்தப் பயணத்தின் ஆட்களே. கூட்டம் அவர்களை எப்படி நடத்துகிறது என்பதையும் பார்ப்பீர்கள். அவர்களை அலங்காரக் காட்சியாக வைக்காதீர்கள். எடுப்பதானால் பேர் சொல்லி, பேசவிட்டு எடுங்கள், அல்லது எடுக்கவே வேண்டாம். பதினெட்டு வயதாகாத யாராவது சுவரில் ஓட்டினால் கேமராவை அணைத்துவிடுங்கள்.

பணம் பற்றி. ஒவ்வொரு ஷோவுக்கும் டிக்கெட் எடுத்துக்கொண்டு போங்கள். பேட்டிக்காக ஒருவர் தூக்கத்தை விட்டுவிட்டு உட்கார்ந்தால் அந்த நேரத்துக்கு ஒரு தொகை கொடுப்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. ஆனால் வித்தைக்குப் பணம் தராதீர்கள். ‘கேமராவுக்காக இன்னொரு ரவுண்டு’, ‘கையை விட்டு ஓட்டுங்களேன்’ என்ற வார்த்தைகள் உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. அந்த ஒரு ரவுண்டில் அவர் விழுந்தால் அது உங்கள் படம் விழவைத்த விழுகை.

4. கையில் என்ன இருக்க வேண்டும்

கேமரா எதுவானாலும் சரி, வெளிச்சம் குறைந்த இடத்தில் தாங்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு லென்ஸ் போதும்: மிக அகலமானது ஒன்று, 50 மி.மீ. ஒன்று. ஒரு சிறிய ஆக்‌ஷன் கேமரா. பெரிய சத்தத்தையும் சிதறாமல் பதியும் 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர், காலர் மைக், பொருளின் மேல் ஒட்டி அதன் அதிர்வைப் பதியும் கான்டாக்ட் மைக் ஒன்று. மேளா ஜெனரேட்டரில் மின்னழுத்தம் ஏறி இறங்கும், அதில் பேட்டரி சார்ஜ் போடாதீர்கள், தங்கும் விடுதியில் போடுங்கள். நிறைய மைக்ரோஃபைபர் துணி வேண்டும். சைலன்சர் இல்லாத டூ ஸ்ட்ரோக் புகையில் இருக்கும் ஆயில் அரை மணி நேரத்தில் லென்ஸில் படலமாகப் படிந்துவிடும். சாதாரணத் துணியால் துடைத்தால் தேய்த்துப் பரப்பிவிடுவீர்கள்.

மூன்று பேர் யார் என்றால், கேமரா ஒருவர், ஒலி ஒருவர், மொழி ஒருவர். மூன்றாமவரை விட்டுவிடாதீர்கள். பீகார், உத்தரப் பிரதேசக் குழுக்கள் தங்களுக்குள் பேசுவது பெரும்பாலும் போஜ்புரி. பள்ளிக்கூட இந்தி வைத்துக்கொண்டு அதில் பாதிகூடப் பிடிபடாது. ட்ரோன் கொண்டு போக வேண்டாம். கூட்டத்துக்கு மேலே அதைப் பறக்கவிடுவது ஆபத்து, அனுமதியும் கிடைக்காது, மேலிருந்து பார்த்தால் கிணறு வெறும் வட்டமாகத்தான் தெரியும்.

5. கழற்றும் நாள், ஏற்றும் நாள், நிறுத்தும் நாள்

போன முதல் இரண்டு நாள் கேமராவைப் பையிலேயே வையுங்கள். டீ குடியுங்கள், எல்லா ஷோவையும் பாருங்கள், யார் எந்த வண்டியை ஓட்டுகிறார் என்று நோட்டில் எழுதுங்கள். மூன்றாம் நாள் கேமரா வெளியே வரும்போது யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள்.

கடைசி ஷோ பெரும்பாலும் நள்ளிரவை ஒட்டி முடியும். உடனே கழற்ற ஆரம்பித்துவிடுவார்கள். ஆட்டம் முடிந்தது என்று நீங்கள் கண் அசந்தால் படத்தின் நல்ல பகுதியைத் தவறவிடுவீர்கள். நான் எடுத்த கிணற்றில் ஒவ்வொரு பலகைச் சட்டத்தின் முதுகிலும் வெள்ளை பெயின்டில் எண் எழுதியிருந்தது. சில எண்கள் மழையில் அழிந்து, மேலே வேறு எண் எழுதி, அதுவும் அழிந்திருந்தது. ஆனால் உஸ்தாத் எண்ணைப் பார்க்கவே இல்லை. பலகையின் மேல் உள்ளங்கையை ஒரு தடவை ஓட்டிவிட்டு ‘இது கதவுக்கு மூன்றாவது’ என்று சொன்னார். டயர் தேய்ந்து தேய்ந்து பலகையின் நடுவில் ஒரு வழவழப்பான பட்டை விழுந்திருந்தது. அந்தப் பட்டையின் உயரம் ஒவ்வொரு பலகையிலும் கொஞ்சம் கொஞ்சம் மாறும், அதை வைத்துத்தான் அடையாளம். அந்தக் கையையும் பட்டையையும் நாற்பது விநாடி வெட்டாமல் எடுத்தேன். முழுப் படத்திலும் எனக்குப் பிடித்த ஷாட் அதுதான்.

கழற்றும் நாளில் எடுக்க வேண்டியவை: போல்ட்டுகள் சாக்கில் விழும் சத்தம், லாரியில் எதை முதலில் ஏற்றுகிறார்கள் என்ற வரிசை, விடிந்த பிறகு மைதானத்தில் புல் செத்துக் கிடக்கும் வட்டம். அந்த வட்டத்தின் நடுவில் நின்று பாருங்கள், எவ்வளவு சின்ன இடம் என்பது அப்போதுதான் உறைக்கும்.

லாரிப் பயணத்தில் கிளீனர் பக்கத்தில் இடம் கேளுங்கள். கேபினுக்குள் பேசும் பேச்சு வேறு எங்கேயும் கிடைக்காது.

புதிய ஊரில் கிணறு எழும்ப இரண்டு மூன்று நாள் ஆகும். தரையைச் சமமாக்குவதில்தான் அதிக நேரம் போகும். ஒரு பக்கம் தரை இறங்கினால் சுவர் சாயும், சுவர் சாய்ந்தால் அந்தப் பக்கம் வண்டி தடுமாறும். ‘சுவர் இருந்தால்தான் சித்திரம்’ என்று நாம் சும்மா சொல்லிக்கொண்டிருக்கும் பழமொழியை அங்கே கண்ணெதிரே பார்க்கலாம். இந்த நாட்களில் கேமராவை ஒரே இடத்தில் ஸ்டாண்டில் நிறுத்தி, பத்து விநாடிக்கு ஒரு படம் என்று நாள் முழுக்க எடுத்து வையுங்கள். பயன்படுத்துவீர்களோ மாட்டீர்களோ, இருக்கட்டும். எல்லாம் முடிந்து முதல் வண்டி சோதனை ஓட்டம் போகும். பார்வையாளர் யாரும் இருக்க மாட்டார்கள், பாட்டு இருக்காது. உஸ்தாத் வெளியே நின்று சுவரில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார், எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது என்று. இதைத் தவறவிடாதீர்கள்.

6. ஷோ

முதல் விதி: கிணற்றுக்குள் எதுவும் விழக்கூடாது. லென்ஸ் மூடி, மொபைல், ஸ்டாண்டின் திருகு, உங்கள் மூக்குக் கண்ணாடி, எதுவுமே. ஒரு ஷோவில் என் பக்கத்தில் நின்ற பெரியவரின் தோளிலிருந்து துண்டு நழுவி உள்ளே விழுந்தது. பருத்தித் துண்டுதான். அது பறந்து இறங்கிய ஒன்றிரண்டு விநாடியில் பைக் ஒன்று அதைத் தாண்டிப் போயிருந்தது. ரைடர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் அடுத்த சுற்றில் அவர் ஒரு முழம் கீழே இறங்கி, துண்டு கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். கீழே நின்ற பையன் தவழ்ந்து போய் அதை இழுத்த பிறகுதான் மறுபடி மேலே ஏறினார். அன்றிலிருந்து நான் மேடைக்குப் போகும் முன்பு பைகளைக் காலி செய்துவிடுவேன். கேமராவை இரண்டு பட்டையால் உடம்போடு கட்டிக்கொள்வேன். விளிம்பில் பொருத்தும் ஆக்‌ஷன் கேமராவுக்குத் தனியாக ஒரு கம்பிக் கயிறு போடுங்கள்.

பகல் ஷோவில் தொடங்குங்கள். மேலே கட்டியிருக்கும் துணிக்கூரை வழியாக மதியத்துக்கு மேல் நல்ல மென்மையான வெளிச்சம் இறங்கும். இரவில் குழல் விளக்கும் சீரியல் பல்பும்தான். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விநாடிக்கு 25 ஃபிரேமில், ஷட்டரை 1/50 அல்லது 1/100 வைத்தால் விளக்கு மினுமினுப்புத் தொல்லை இருக்காது. ஜெனரேட்டர் ஓடும்போது இந்தக் கணக்கு கொஞ்சம் தவறலாம், ஷோவுக்கு முன்பே எடுத்துப் பார்த்துவிடுங்கள். 1/50-இல் வண்டி ஒரு சாண் தூரம் கலங்கித் தெரியும். அந்தக் கலங்கல் வேகத்தைக் காட்டும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

வண்டியைத் துரத்திக்கொண்டு கேமராவைச் சுழற்றாதீர்கள். இரண்டரை விநாடியில் ஒரு சுற்று என்று சொன்னேன் அல்லவா, நீங்கள் எவ்வளவு திறமைசாலியானாலும் பார்க்கிறவருக்குத் தலைதான் சுற்றும். கேமராவை நிறுத்திவிட்டு வண்டியை வந்து போகவிடுங்கள். ஒரு ஷோ முழுக்க எதிர்ப்பக்கம் நிற்கும் முகங்களை மட்டும் எடுங்கள். வண்டி மேலேறி வரும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் பின்வாங்குவதும், பத்து ரூபாய் இருபது ரூபாய் நோட்டை நீட்டுவதும், ரைடர் அதை உருவிப் பல்லில் கடித்துக்கொண்டு போவதும் இருக்கும். இன்னொரு ஷோவில் வண்டியையே பார்க்காதீர்கள். வெளியே மேடைக்கு அடியில் போய், சுவர் மூச்சுவிடுவது மாதிரி அசைவதை எடுங்கள். வண்டி கடக்கும்போது ஒவ்வொரு பலகையும் வெளியே தள்ளி உள்ளே வரும். இடுக்கு வழியாக ஹெட்லைட் ஒரு நொடி பாய்ந்து மறையும். எனக்குத் தெரிந்து மரணக் கிணற்றை எடுக்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

உள்ளே தரையில் நின்று எடுக்க வேண்டுமானால் உஸ்தாத் எங்கே நிற்கச் சொல்கிறாரோ அங்கே அசையாமல் நில்லுங்கள், அதுவும் ஒரே ஒரு வண்டி ஓடும் நேரத்தில் மட்டும். வண்டியில் கேமரா பொருத்தும் ஆசை எல்லோருக்கும் வரும். ரைடரே விரும்பினால், குழுவின் மெக்கானிக் தன் கையால் பொருத்தினால் சரி. நீங்களாகக் கேட்காதீர்கள்.

அதிகாலைப் பனி பலகையில் படிந்திருந்தால் அன்றைய முதல் ஷோ தள்ளிப்போகும். ஈரப் பலகையில் பிடிமானம் இருக்காது. ரைடர்கள் சாக்குத்துணியால் சுவரைத் துடைத்துவிட்டு வெயிலுக்குக் காத்திருப்பார்கள். காத்திருப்பையும் எடுங்கள்.

7. ஒலி

படத்தின் பாதி உயிர் இதில் இருக்கிறது. சைலன்சர் இல்லாத என்ஜின் மரப் பீப்பாய்க்குள் போடும் சத்தத்தைச் சாதாரணமாகப் பதிந்தால் ஒலி சிதறிவிடும். 32 பிட் ரெக்கார்டர் இல்லையென்றால் இரண்டு சேனல் வைத்து ஒன்றை 20 டெசிபல் குறைத்துப் பதியுங்கள். உங்கள் காதுக்கும் காதடைப்பான் போடுங்கள். கான்டாக்ட் மைக்கைச் சுவரின் வெளிப்பக்கம் ஒட்டினால், மரம் முனகுவதும் வண்டி நெருங்குவதும் தனியாக, ஆழமாகக் கிடைக்கும். கேமராவில் என்ன எடுத்தாலும் எடிட்டில் நீங்கள் நாடப்போவது இந்த ஒலியைத்தான்.

பெரிய தலைவலி சினிமாப் பாட்டு. மேளாவில் ஒலிபெருக்கி ஓயாது. பேட்டியின் பின்னணியில் பாட்டு பதிவாகிவிட்டால் விழாக்களும் ஒளிபரப்பாளர்களும் உரிமைக் கடிதம் கேட்பார்கள், இணையத்தில் ஏற்றினால் தானாகவே தடை விழும். பேட்டியை மைதானத்துக்கு வெளியே, காலையில் எடுங்கள். பாட்டு நிற்கும் நேரங்களில் வெறும் கூட்ட இரைச்சல், ஜெனரேட்டர், அப்பளக் கடை எண்ணெய் எல்லாவற்றையும் தனித்தனியாக இரண்டிரண்டு நிமிடம் பதிந்து வையுங்கள்.

8. பேச்சு

‘பயமாக இல்லையா?’ என்று கேட்காதீர்கள். பார்க்கிற ஒவ்வொருவரும் அதைத்தான் கேட்கிறார்கள், அதற்கு மனப்பாடமாக ஒரு பதில் வைத்திருப்பார்கள். கை வேலை செய்துகொண்டிருக்கும்போது வேலையைப் பற்றிக் கேளுங்கள். ஸ்பார்க் பிளக்கை எமரித் தாளில் தேய்த்துக்கொண்டிருப்பவரிடம் அந்த பிளக்கைப் பற்றி. டயரை எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள்? ஷோவுக்கு முன்பு என்ன சாப்பிடுவீர்கள், என்ன சாப்பிட மாட்டீர்கள்? முதன்முதலில் சுவரில் ஏறிய நாள் யார் கீழே நின்றார்கள்? தலைசுற்றல் நிற்க எத்தனை நாள் ஆயிற்று? புதிதாக வருகிறவர் முதலில் தரையிலேயே வட்டமடித்துத் தலைசுற்றலை அடக்கி, பிறகு அடியில் இருக்கும் சாய்வுப் பலகை, அப்புறம்தான் சுவர். அந்தக் கதை வரும்போது பழைய எலும்பு முறிவுகள் தாமாகவே வரும்.

என்னிடம் ஒருவர் இடது முழங்கையைக் காட்டினார். நேராக நீட்ட வராது. ‘கிளட்ச் பிடிக்க இவ்வளவு நீண்டால் போதும் பாய்’ என்றார். சொல்லிவிட்டு மறுபடி பிளக்கைத் தேய்க்கத் தொடங்கினார். கேமராவை நான் அணைக்கவில்லை, அடுத்த கேள்வியும் கேட்கவில்லை. மூன்று நிமிடம் கழித்து அவராகவே மகனைப் பற்றிச் சொன்னார், அவனை ஐடிஐயில் சேர்த்திருப்பதாகவும் இந்தப் பக்கம் வரவிட மாட்டேன் என்றும். கேள்வி கேட்டிருந்தால் அது வந்திருக்காது.

காப்பீடு உண்டா, விழுந்தால் செலவை யார் பார்ப்பது, மழைநாளில் ஷோ இல்லாவிட்டால் சம்பளம் உண்டா என்பதையும் கேட்டுப் பதிவு செய்யுங்கள். ஆனால் உரிமையாளரைப் பற்றிய குறையைப் படத்தில் வைக்கும் முன்பு, அதனால் அதைச் சொன்ன ரைடருக்கு வேலை போகுமா என்பதை அவரிடமே பேசி முடிவெடுங்கள்.

9. யாராவது விழுந்தால்

இதைப் படப்பிடிப்புக்கு முன்பே மூன்று பேரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிடுங்கள். கேமராவைக் கீழே வைத்துவிட்டுப் போய்த் தூக்குங்கள். பக்கத்து மருத்துவமனை எது, எந்த வழியாகப் போனால் மேளாக் கூட்டத்தில் மாட்டாமல் போகலாம் என்று முதல் நாளே நடந்து பார்த்து வையுங்கள். முதலுதவிப் பெட்டி உங்கள் வண்டியில் இருக்கட்டும். விழுந்த காட்சி தற்செயலாகப் பதிவாகியிருந்தால், அவரும் அவர் குடும்பமும் சம்மதிக்காமல் யாருக்கும் காட்டாதீர்கள், வாட்ஸ்அப்பில்கூட அனுப்பாதீர்கள்.

10. எடிட்

நாற்பது மணி நேரக் காட்சி இருக்கும். முதலில் எல்லாவற்றையும் இரண்டு ஹார்டு டிஸ்கில் ஏற்றி, இரண்டையும் இரண்டு வீட்டில் வையுங்கள்.

கழற்றுவதில் தொடங்கி நிறுத்துவதில் முடியுங்கள் என்பது என் யோசனை. முதல் ஐந்து நிமிடம் சுவரில் வண்டியே ஓட வேண்டாம். பார்க்கிறவர் பலகையையும் போல்ட்டையும் ஆட்களையும் தெரிந்துகொள்ளட்டும். அதற்கப்புறம் வரும் ஒரு ரவுண்டு, இணையத்தில் பார்த்த நூறு ரவுண்டை விடக் கனமாக இருக்கும். ஷோ மொத்தம் இரண்டு நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். ஸ்லோமோஷனைக் குறையுங்கள். அவர்கள் வேலையே வேகம்தான், அதை மெதுவாக்கிக் காட்டினால் அவர்கள் செய்வது மறைந்துவிடும். சோக வயலின் போடாதீர்கள். என்ஜின் நின்றதும் வரும் அமைதியை அப்படியே பத்து விநாடி விட்டுப் பாருங்கள்.

சப்டைட்டிலை, படப்பிடிப்பில் இல்லாத இன்னொரு போஜ்புரி தெரிந்தவரிடம் கொடுத்து மறுபடி சரிபாருங்கள். தமிழ் வரி நீளும் என்பதால் சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல் சுருக்குங்கள், இரண்டு வரியைத் தாண்ட வேண்டாம்.

11. யாருக்குக் காட்டுவது

திருவனந்தபுரத்தில் நடக்கும் கேரள சர்வதேச ஆவணப்பட, குறும்பட விழாவுக்கும் மும்பை சர்வதேசத் திரைப்பட விழாவுக்கும் அனுப்புங்கள். மும்பை விழா 1990-இலிருந்து ஆவணப்படம், குறும்படம், அனிமேஷன் படங்களுக்கென்றே நடப்பது. இந்தியாவில் பொதுத் திரையிடலுக்குத் தணிக்கைச் சான்று தேவைப்படும் என்பதையும் மனதில் வையுங்கள்.

அதற்கெல்லாம் முன்பு குழுவுக்குக் காட்டுங்கள். இணைப்பை அனுப்பினால் போதாது, நேரில் போக வேண்டும். அடுத்த மேளா எங்கே என்பது அவர்களுக்கே பல சமயம் கடைசி வாரத்தில்தான் தெரியும், மொபைல் எண்ணும் அடிக்கடி மாறும். அதனால் படப்பிடிப்பின்போதே உஸ்தாத், மெக்கானிக், லாரி கிளீனர் மூவரின் எண்ணையும் ஊர் முகவரியையும் வாங்கி வையுங்கள். புரொஜெக்டரும் ஒரு வெள்ளை வேட்டியும் எடுத்துக்கொண்டு போங்கள். அன்றைய கடைசி ஷோ முடிந்ததும் கிணற்றுக்குள்ளேயே சுவரில் கட்டிப் போடலாம். நாங்கள் போட்டபோது பலகையைத் தடவும் கை வந்த இடத்தில் எல்லோரும் உஸ்தாதைத் திரும்பிப் பார்த்தார்கள். முழங்கையை நேராக நீட்ட வராத அந்த ரைடர் தன் பேட்டியில் மகனைப் பற்றிச் சொன்ன வரியை எடுத்துவிடச் சொன்னார். மகன் ஐடிஐயை விட்டுவிட்டு வந்துவிட்டான், கீழே சாக்குத்துணியோடு நின்றுகொண்டிருந்தான். அந்த வரியை எடுத்துவிட்டுத்தான் விழாக்களுக்கு அனுப்பினோம்.